‘மெய்ஷ, லாவ்ஷ’: சீனப் பிள்ளைகளின் சாவு நினைப்பைப் புரிந்துகொள்வது எப்படி

நான் ஈப்போக்காரி. தொடக்கப் படிப்பு சீனப் பள்ளியில் என்பதால் மாண்டரின் சின்ன வயதிலேயே வாய்க்கு வந்துவிட்டது. உளவளத்துணை படிக்கச் சீனாவின் சிச்சுவான் மாநிலத்துச் செங்டுவுக்குப் போனேன். படித்து முடித்ததும் அங்கிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் போனால் வரும் ஒரு சிறு நகரத்தில், தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் ஐந்து வருடம் ‘ஷின்லி லாவ்ஷ’, அதாவது மனநல ஆசிரியையாக இருந்தேன் (‘லாவ்ஷ’ என்றால் ஆசிரியர்). இப்போது ஊரில் இருக்கிறேன். இங்கே பல்கலைக்கழகங்களில் சீனாவிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர், விரிவுரையாளர் என்று அவர்களோடு பழகும் தமிழர்களும் பெருகியிருக்கிறார்கள். போன வருடம் அப்படிப்பட்ட இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்: “ரொம்ப அமைதியான பிள்ளை, ஒரு வம்பு கிடையாது. ஏன் சாக வேண்டும் என்று நினைத்தது?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த நினைப்பு இருந்தால் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் உதவி எண்ணில் பேசுங்கள். மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, சிங்கப்பூரில் 1767, இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. சீனாவில் இருப்பவர்களுக்கு 12356. ஆபத்து கண்முன்னே இருந்தால் அங்கே ஆம்புலன்ஸ் 120.

கீழே வரும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காதில் விழ வேண்டிய சொற்கள்

சீனப் பெற்றோர் ஒரு பிள்ளையைப் புகழ இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘திங்ஹுவா’. நேர்ப்பொருள் ‘சொல்லைக் கேட்பது’. நம் வீட்டில் ‘சொல்பேச்சு கேட்கிற பிள்ளை’ என்போமே, அச்சாக அதேதான். இன்னொன்று ‘தொங்ஷ’. விவரம் தெரிந்த பிள்ளை, வீட்டுக் கஷ்டம் புரிந்து நடக்கிற பிள்ளை. கேட்க இனிமையான சொல். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எல்லோரும் ‘தொங்ஷ’ என்கிறார்கள் என்றால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அந்தப் பிள்ளை தனக்கு எதுவும் வேண்டும் என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருக்கும். ஷூ கிழிந்ததைச் சொல்லாது, வகுப்பில் அடி வாங்கியதைச் சொல்லாது. சாக வேண்டும்போல இருப்பதை மட்டும் எப்படிச் சொல்லும்?

‘மெய்ஷ’ என்றால் ஒன்றுமில்லை. சிச்சுவான்காரர்கள் நாக்கை மடக்காமல் ‘மெய்ஸ’ என்பார்கள். ஐந்து வருடத்தில் நான் அதிகம் கேட்ட சொல் இதுதான். இதை விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை கதவைத் தட்டியாயிற்று, அவ்வளவுதான்.

உண்மை பக்கவாட்டில் வரும். ‘ஷின் லெய்’ என்றால் மனம் களைத்துவிட்டது. ‘ஹுவோஜ மெய் யீஸ’ என்றால் உயிரோடு இருப்பதில் சுவாரஸ்யம் இல்லை. இதை டீ நன்றாக இல்லை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். பெரியவர்களும் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டுவிடுவார்கள். ‘ஷியாங் பு காய்’ என்பது ‘யோசனை திறக்க மாட்டேன் என்கிறது’ என்பதுபோல. யாராவது உயிரை விட்டால் அக்கம்பக்கத்தார் தணிந்த குரலில் சொல்வது இதைத்தான். இளசுகள் மனச்சோர்வைக் குறிக்கும் ‘யீயூ’ என்ற சொல்லைத் திருகி ‘யூயூ’ என்று கேலி செய்கிறார்கள். “உனக்கு யூயூ வந்துவிட்டதா?” என்ற கிண்டலுக்குப் பயந்தே மருந்துச் சீட்டை ஒளித்து வைத்த பையனை எனக்குத் தெரியும்.

அப்புறம், உடம்பு பேசும். 1980இல் ஹூனான் மாநிலத்துச் சாங்ஷாவில், நரம்புத் தளர்ச்சி என்று பெயரிடப்பட்டிருந்த 100 நோயாளிகளை அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தபோது, 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை, களைப்பு. நாற்பது வருடம் போயும் என் பள்ளி மருத்துவ அறையில் அதே கதைதான். மூன்று மாதத்தில் பதினோரு தடவை வயிற்றுவலி என்று போன மாணவி ஒருத்தி இருந்தாள். அவளை என்னிடம் அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் மருத்துவ அறைக் குறிப்பேட்டை வாரம் ஒரு முறை புரட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உங்கள் இடத்தில் அப்படி ஒரு குறிப்பேடு இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். கோடையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, அதிகாலை மூன்று மணிக்குப் பதிவு போடும் பிள்ளை, பிடித்த பொருள்களைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடும் பிள்ளை, இவையெல்லாம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

எண்களில் வழுக்காமல் இருக்க

சீனா பற்றி இணையத்தில் தேடினால் பயங்கரமான எண்கள் வந்து விழும். பாதி பழையவை. 1995–99 காலத்தில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 23. கிராமங்களில் நகரங்களைப்போல மூன்று மடங்கு. உலகில் பெரும்பாலான நாடுகளுக்கு மாறாகப் பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். அந்த நிலைமை இப்போது இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் மொத்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளைகளின் கோடு வேறு மாதிரி போகிறது. சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவுப்படி 5 முதல் 14 வயதுவரை உள்ளவர்களிடம் 2010க்குப் பிறகு ஏற்றம். 15 முதல் 24 வரை 2017 வரை இறங்கி, பிறகு ஏற்றம். எண்ணிக்கை அளவில் இன்னும் சிறியதுதான், ஏறும் வேகம்தான் கவலை.

எண்ணம் வேறு, திட்டம் வேறு, முயற்சி வேறு, மரணம் வேறு. ஓர் ஆய்வு ‘எப்போதாவது தோன்றியதா’ என்று கேட்டிருக்கும், இன்னொன்று ‘கடந்த 12 மாதங்களில் தீவிரமாக யோசித்தாயா’ என்று கேட்டிருக்கும், மூன்றாவது ‘கடந்த இரண்டு வாரத்தில்’ என்று. மூன்றும் மூன்று சதவீதம் தரும். எந்தக் கேள்வி என்று பார்க்காமல் சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சீன அறிவியல் கழகத்தின் உளவியல் நிறுவனம் 2019–2020க்கான அறிக்கையில் பதின்வயதினரில் 24.6 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு தென்பட்டதாகவும், அதில் கடுமையானது 7.4 சதவீதம் என்றும் சொன்னது. அது வடிகட்டும் வினாத்தாளில் கிடைத்த எண், மருத்துவர் உறுதி செய்த நோய் அல்ல. செய்தித்தாள்களோ ‘நாலில் ஒரு பிள்ளைக்கு நோய்’ என்று போட்டுவிட்டன.

2020 செப்டம்பரில் அரசு ஒரு திட்டம் வெளியிட்டு, மேல்நிலைப் பள்ளி உடல்நலப் பரிசோதனையில் மனச்சோர்வுச் சோதனையையும் சேர்க்கச் சொன்னது. நல்ல எண்ணம்தான். எங்கள் பள்ளியில் நடந்தது என்ன? கணினி அறையில் நாற்பத்தைந்து பேரை உட்கார வைத்து வினாத்தாள். முந்தின இரவே விடுதியில் பழைய மாணவிகள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: “ஒன்பதாவது கேள்விக்கு இல்லவே இல்லை என்று போடு. இல்லையென்றால் அம்மாவைக் கூப்பிடுவார்கள், ‘ஷியூஷுவே’ எடுக்கச் சொல்வார்கள்.” ஒன்பதாவது கேள்விதான் சாவு நினைப்பைப் பற்றியது. ஷியூஷுவே என்றால் படிப்பை நிறுத்தி வைத்து வீட்டுக்கு அனுப்புவது. உண்மையைச் சொன்னால் தண்டனை என்று ஆன பிறகு வினாத்தாளால் என்ன பயன்? எனக்கு உதவியது வேறொரு குறிப்பு: எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையை முப்பது வினாடியில் போட்டு எழுந்து போனவர்களின் பட்டியல். அவர்களை ஒவ்வொருவராக வேறு சாக்கில் கூப்பிட்டுப் பேசுவேன்.

பாரம் எங்கிருந்து ஏறுகிறது

‘கவ்காவ்’ என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஜூன் 7ஆம் தேதி தொடங்கும். 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பிப்ரவரிக் கடைசியில் ‘நூறு நாள் உறுதிமொழி’ என்று மைதானத்தில் நிறுத்தி முஷ்டியை உயர்த்திக் கத்த வைப்பார்கள். நானும் பக்கத்தில் நின்று கை தட்டியிருக்கிறேன். ஆனால் என் அறைக்கு அதிகம் வந்தது அந்த வகுப்புப் பிள்ளைகள் அல்ல. பதினாலு, பதினைந்து வயதுக்காரர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் ‘ஜொங்காவ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் பொது மேல்நிலைப் பள்ளிக்கும் மீதிப் பேர் தொழிற்பள்ளிக்கும் பிரிகிறார்கள். தொழிற்பள்ளி என்றாலே வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி. 2021 ஜூலையில் அரசு பள்ளிப் பாடங்களுக்கான வணிக டியூஷனைத் தடை செய்தது. அந்தத் தேர்வு அப்படியே இருந்ததால் பாரம் டியூஷன் நிலையத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறியது.

இருந்தாலும் தேர்வே காரணம் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கோடிப் பேர் அதே தேர்வை எழுதிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். 2002இல் மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிலிப்ஸும் சீனச் சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். தற்கொலையால் இறந்த 519 பேர், வேறு காயங்களால் இறந்த 536 பேர், இரு தரப்புக் குடும்பங்களையும் சந்தித்து ஒப்பிட்டார்கள். எல்லா வயதினரும் அதில் உண்டு, ஆனால் எனக்கு வழிகாட்டியாக இருந்தது அதுதான். எட்டு விஷயங்கள் தனியே தெரிந்தன: மனச்சோர்வு அறிகுறிகள், முன்பு முயன்றது, அப்போதைய கடும் நெருக்கடி, வாழ்க்கைத் தரம் தாழ்ந்தது, நீண்டகால அழுத்தம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் யாருடனாவது பெரிய சண்டை, இரத்த உறவில் ஒருவர் முயன்றிருப்பது, நட்பு வட்டத்தில் ஒருவர் முயன்றிருப்பது. இவற்றில் ஒன்றோ, ஒன்றும் இல்லாமலோ இருந்த 265 பேரில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. இரண்டு, மூன்று இருந்தவர்களில் 30 சதவீதம். நாலு, ஐந்து என்றால் 85. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 96. ஏற்கெனவே இறந்தவர்களுக்குள் செய்த ஒப்பீடு இது, உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையின் தலையில் இந்தச் சதவீதத்தை ஒட்டக் கூடாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுதான் ஆபத்து என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ‘ஏன்’ என்று ஒரு காரணத்தைத் துருவுவதை விட்டுவிட்டு, எத்தனை ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ‘இரண்டு நாள் சண்டை’யை நான் என் மேசையில் எழுதி ஒட்டியே வைத்திருந்தேன். வீட்டிலிருந்து ஒரு ஃபோன், “உனக்காகத்தானே இவ்வளவும்” என்ற பேச்சு (‘வெய் நி ஹாவ்’, உன் நன்மைக்குத்தான், என்பது அங்கே வாக்குவாதத்தை முடிக்கும் முத்திரை), பிறகு மௌனம். அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் யாராவது கூட இருக்க வேண்டும். கைபேசியைப் பிடுங்கியதால்தான் இப்படி என்று பேசுவார்கள். கைபேசி பெரும்பாலும் கடைசிச் சண்டையின் சாக்கு மட்டும்தான்.

சிச்சுவானில் இன்னொன்று. பெற்றோர் இருவரும் தொலைவில் குவாங்தொங் மாநில ஆலைகளில், பிள்ளை பாட்டியிடம் அல்லது விடுதியில். இவர்களை ‘லியூஷோ’ பிள்ளைகள் என்பார்கள். வீட்டுக்குக் காவலாகப் பின்னால் நிற்பவர்கள் என்று பொருள். எத்தனை பேர் என்று கேட்டால் இங்கேயும் எண் வழுக்கும். 2013இல் மகளிர் கூட்டமைப்பு 6 கோடிக்கு மேல் என்றது. 2016இல் அரசு 90 லட்சம் என்றது. மூன்று வருடத்தில் ஐந்து கோடிப் பிள்ளைகளின் பெற்றோர் ஊர் திரும்பிவிடவில்லை. வயதைப் பதினாறுக்குக் கீழ் என்று குறைத்து, இருவரும் வெளியே இருந்தால், அல்லது ஒருவர் வெளியே இருந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் மட்டுமே கணக்கு என்று மாற்றினார்கள்.

வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, பெற்றோர் வருவார்கள். புது ஜாக்கெட், சிவப்பு உறை, பத்துப் பதினைந்து நாள் சிரிப்பு. பிறகு பேருந்து நிலையம். அவர்கள் திரும்பிப் போன அடுத்த வாரம் என் அறையில் மணல் பெட்டி காலியாக இருக்காது. (சீனப் பள்ளிகளின் மனநல அறைகளில் மணல் பெட்டியும் அலமாரி நிறையக் குட்டிப் பொம்மைகளும் இருக்கும். குத்திக் கோபம் தீர்க்க ஒரு ரப்பர் மனிதனும் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். துப்புரவு அக்காவைத் தவிர யாரும் அவனைத் தொட்டதில்லை.) ஒரு பையன் வீடு ஒன்றை வைத்து, சுற்றிலும் வேலி போட்டு, வேலிக்கு வெளியே இரண்டு பேரை வைத்தான். வீட்டுக்குள் யார் என்று கேட்டேன். “தம்பி. அவன் அப்பா அம்மாவோடு ஷென்ஜென்னில் இருக்கிறான்.” 2016இல் இரண்டாம் பிள்ளைக்கு அனுமதி வந்த பிறகு இந்த மாதிரிக் குடும்பங்களை நிறையப் பார்த்தேன். சின்னது பெற்றோரிடம், மூத்தது பாட்டியிடம்.

தாங்கிப் பிடிப்பதும் அதே பாட்டிதான். “இதுவரை எது உன்னை நிறுத்தி வைத்தது?” என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் “பாட்டி” என்பார்கள். ஆகவே பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் அது உங்களுக்கும் செய்தி.

கேட்பது

என் முதல் வருடத் தவறை இங்கே சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவி, நோட்டுப் புத்தகம் அச்சடித்த மாதிரி இருக்கும். இளைத்துப் போயிருந்தாள், தூக்கம் இல்லை என்றாள். மனதில் பட்டதால் கேட்டேன்: “நீ ‘ஷா ஷ’ எதுவும் செய்ய மாட்டாய்தானே?” ‘ஷா ஷ’ என்றால் அசட்டுக் காரியம், தற்கொலைக்கு அங்கே உள்ள பூசி மெழுகிய சொல். “மாட்டேன் லாவ்ஷ,” என்று சிரித்தாள். மூன்று வாரம் கழித்து அவள் அறைத்தோழி நள்ளிரவில் என் கதவைத் தட்டினாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் கழித்து அவளே சொன்னாள்: “நீங்கள் ‘இல்லை’ என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தீர்கள். அதைக் கொடுத்தேன்.”

அசட்டுக் காரியம் என்று பெயர் வைத்துவிட்டுக் கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்? ‘மாட்டாய்தானே’ என்ற வால் வேறு.

அதற்குப் பிறகு இப்படித்தான் கேட்டேன்: “இவ்வளவு நாள் தூக்கமில்லாமல், இவ்வளவு களைத்துப் போய் இருக்கும்போது சிலருக்குச் செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றும். உனக்குத் தோன்றியிருக்கிறதா?” சாவு என்ற சொல்லைச் சொல்லியே கேட்பேன். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். “ம்” என்று பதில் வந்தால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எப்போதிலிருந்து? தினமுமா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா? எதையாவது தயார் செய்து வைத்திருக்கிறாயா? முன்பு முயன்றது உண்டா? இது யாருக்குத் தெரியும்? கடைசியாக, எது நிறுத்தி வைத்தது? திட்டமோ தயாரிப்போ முன் முயற்சியோ இருந்தால் அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. அறையில் ஆபத்தானவை இருந்தால் அகற்றி, அன்றே மருத்துவமனை.

எதிரே உட்காராதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். நான் மைதானத்தைச் சுற்றி நடப்பேன். ஏழாவது, எட்டாவது சுற்றில்தான் பேச்சு வரும். உடம்பு பெற்றோர் தந்தது, அதைக் கெடுப்பது பெற்றோருக்குச் செய்யும் துரோகம் என்ற பழம்பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். சில பிள்ளைகளை அது நிறுத்தி வைக்கும், உண்மைதான். ஆனால் நம் வாயிலிருந்து வந்தால் குற்றவுணர்ச்சிதான் கூடும், அடுத்த தடவை உங்களிடம் வராது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். “உன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்லலாம் என்று நீயே சொல்” என்று பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண், “மதிப்பெண் பேச்சு வேண்டாம், அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், அம்மா அழுதால் நான் தாங்க மாட்டேன்” என்றாள். அப்படியே செய்தேன்.

பெற்றோரிடம் மனநோய் என்று தொடங்கினால் முகம் மூடிக்கொள்ளும். “கொஞ்சம் நாடகம், வேறொன்றுமில்லை” என்பார்கள். தூக்கத்தில் தொடங்குங்கள். இத்தனை நாளாக இத்தனை மணி நேரம்தான் தூங்குகிறாள், இத்தனை கிலோ குறைந்திருக்கிறாள் என்று சொன்னால் எந்தச் சீன அம்மாவும் நிமிர்ந்து கேட்பார். சாப்பாடும் தூக்கமும் அங்கே அன்பின் மொழி. அதற்குப் பிறகு சாவு நினைப்பைப் பற்றிச் சொல்லுங்கள், மழுப்பாமல்.

‘பான்ஜூரென்’ என்ற வகுப்பாசிரியரை ஒதுக்கி வைத்து எதுவும் நடக்காது. காலை ஓட்டத்திலிருந்து இரவு பத்து மணிப் படிப்பு வரை பிள்ளையோடு இருப்பவர் அவர். அவருக்கும் பயம், பெரும்பாலும் பழி தன்மேல் விழுமோ என்று. எங்கள் பள்ளியில் நிர்வாகம் பெற்றோரிடம் முதலில் நீட்டியது பொறுப்பு விலக்குக் கடிதம்தான். நான் அதோடு சண்டை போட்டு ஜெயித்ததில்லை. வகுப்பாசிரியர்களோடு நூடுல்ஸ் சாப்பிட்டு ஜெயித்திருக்கிறேன்.

முதல் வருடத்தில் நான் தவறாகக் கேட்ட அந்தப் பதினோராம் வகுப்பு மாணவி ஒரு வருடம் கழித்து, கீழ் வகுப்பில் சேர்ந்து திரும்பி வந்தாள். என்ன மாற்ற வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். மனநல அறை நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது, அங்கே போனால் நாலு வகுப்பு ஜன்னல்களிலிருந்தும் தெரியும். “அந்த நடை இருக்கிறதே, லாவ்ஷ, அதில்தான் நான் மூன்று தடவை திரும்பிப் போனேன்” என்றாள். மாற்ற ஐந்து மாதம் ஆயிற்று, பாதி நேரம் சாவி யாரிடம் என்ற சண்டையில் போனது. கடைசியில் நூலகத்துக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் அறையைக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் புதிதாக வந்த பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. ஒருத்தி அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.